கண்டியில் மூன்றாம் மாடிக் கடற்கரை

பட்டுக்குட்டி, தம்பிக்கு ஒரு வயது ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் படம் எடுக்கக் கண்டிக்குப் போய் வந்தோம். உனக்கும் எடுக்க இருந்தோம். அதற்குள் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய்.

ஃபோனைத் திறந்தால் சினிமாப் பாட்டு, சவுக்கார விளம்பரம் எல்லாவற்றிலும் பிள்ளைகள் தொப்பி போட்டுக் கடல் மணலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, பன்வில பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலும் முதல் பிறந்தநாளுக்கு அந்த மாதிரிப் படம் வேண்டும் என்றாகிவிட்டது. கடலுக்குப் போக முடியாதவர்களுக்குக் கண்டியில் ஸ்டூடியோ இருக்கிறது. எனக்குத்தான் பயம். உன்னை மண்ணில் வைத்த நாளுக்குப் பிறகு பிறந்தவன் தம்பி. அவனை நான் மண்ணில் இறக்கியதே இல்லை.

காலை ஏழு மணி பஸ். கண்டிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நாத்தனார் செல்வியும் கூட வந்தாள். டவுனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் கடற்கரைப் படம் எடுக்கிற ஸ்டூடியோ என்றேன். சிரித்தார்.

"கண்டிக்குக் கடல் எப்பக்கா வந்துச்சு? எனக்கு யாரும் சொல்லலியே!"

"மூணாம் மாடியில இருக்காம். வாங்க, நீங்களும் குளிச்சிட்டுப் போகலாம்" என்றாள் செல்வி.

முந்நூறு ரூபாய் வாங்கினார்.

மூன்று மாடி ஏறி ஸ்டூடியோக் கதவைத் திறந்தோம். சுவர் முழுக்க நீலக் கடல். தரையில் நிஜ மணல், சீனி கொட்டிய மாதிரி. நான் கடல் பார்த்ததில்லை.

"திருகோணமலை மணலக்கா. உப்புப் போக அலசினது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சலிச்சுத்தான் போடுவோம். எறக்கி விடுங்க" என்றார் படம் எடுக்கிறவர்.

தம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"விடுங்க அண்ணி. நீங்க கொழுந்து பறிக்கப் போனதும் அவன் லயத்து வாசல் மண்ணுலதான் உருளுறான். தின்னும் பாத்துட்டான்."

"அடிப்பாவி, எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"சொன்னா என்னையும் தூக்கி இடுப்புல வச்சுக்குவீங்க."

இறக்கினேன். கால்விரல்களைச் சுருக்கினான், விரித்தான். கை நிறைய அள்ளினான். மணல் ஒழுகிப் போனதும், எங்கே போனது என்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான் பார், படம் எடுக்கிறவரே கேமராவை மறந்து நின்றார். உலகத்தில் முதல் தடவையாக மணல் இருப்பது போல எனக்கும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன். மேலே விளக்குச் சூடு. உள்ளே குளிர்ச்சி.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையோடு போகிறவர்கள் ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள், பிறகு கூட்டம். மூன்று படத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். மாற்றுத்துணி கட்டாயம். காது மடிப்பில் ஒட்டும் மணல் லேசில் போகாது. மணலில் இறக்குவதை வேறு யாரிடமும் விடாதீர்கள், நீங்களே இறக்குங்கள்.

பட்டு, பொம்பளைகள் இடுகாட்டுக்கு வரக்கூடாது என்று அன்றைக்கு என்னை லயத்திலேயே நிறுத்திவிட்டார்கள். உன் மேல் அப்பா போட்ட ஒரு பிடி மண்ணை நான் பார்க்கவில்லை. அதுவும் இப்படி மெத்தென்றுதான் இருந்ததா?