செபஸ்தியம்மாள் டீச்சரின் ஜீப்

“ஏலே, எல்லாரும் வலது பக்கமாச் சாயுங்க! வண்டி இடது பக்கம் ஒடிக்குதுல்ல, அப்ப நம்ம ஒடம்பு எங்கிட்டுப் போகும்?” என்று கத்திக்கொண்டே செபஸ்தியம்மாள் டீச்சர் சாய்கிறார். அவர் சாய்ந்தால் லேசில் முடிகிற காரியமில்லை. பாயில் பக்கத்தில் இருக்கும் நான்கு பிள்ளைகளும் சேர்ந்தே சரிகிறார்கள். முன்னால் எவர்சில்வர் தட்டைத் திருப்பித் திருப்பி வண்டி ஓட்டும் செல்வினுக்கு வயது நாலு. அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு அங்கன்வாடியிலிருந்து காலை பத்து மணிக்குக் கிளம்பும் இந்த ஜீப், மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறது.

விளையாட்டைக் கண்டுபிடித்தது பிள்ளைகள். பாதிப் பேருடைய அம்மாமார் விடியுமுன்னே நிஜ ஜீப்பில் அதே மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். டீச்சர் அதைக் கலைக்கவில்லை, தானும் ஏறிக்கொண்டார். அவரோடு சட்டதிட்டங்களும் ஏறிக்கொண்டன. வழியில் யானை வரலாம், டைனோசர்கூடக் கைகாட்டி ஏறலாம்; ஏறிய பிறகு வளைவில் சரியான பக்கம் சாய வேண்டும். சிரட்டையில் வெறுங்காற்றை ஊற்றித் தந்தாலும், டீ என்று சொல்லிவிட்டால் ஊதித்தான் குடிக்க வேண்டும். காய் பறிக்கிறவர்கள் சத்துமாவுக் காலிப் பையில் கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். “வெளையாட்டுன்னாலும் ஒரு நாயம் வேணாமா?” என்பது ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அவர் வாயிலிருந்து வரும்.

பீரோவுக்கு மேல் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறார். பிள்ளைகள் எதையெல்லாம் விளையாடுகிறார்களோ, அதன் நிஜத்தில் ஒரு துண்டு அதற்குள் இருக்கும். ரயில் விளையாடினால் தேனியிலிருந்து மதுரைக்குப் போன டிக்கெட் வெளியே வரும். குருவி விளையாடினால் காலிக் கூடு. யானை விளையாடிய வாரத்தில் சுருளி அருவிப் பாதையில் கிடந்த காய்ந்த யானை லத்தியைத் தன் டிபன் பாக்ஸில் எடுத்து வந்தார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சமையல் பார்க்கும் ராஜாத்திக்குத்தான் இன்னும் ஆறவில்லை. “அந்த டப்பாவ என் அடுப்படிப் பக்கம் கொண்டாந்தீக, நான் வேலைய விட்டுட்டுப் போயிருவேன்” என்கிறார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். டீச்சருக்குப் போன மாதம் சறுக்கியது.

ஜீப் தோட்டத்தில் போய் நின்றது. “எல்லாரும் எறங்கி, எம்பி எம்பிக் காயப் பறிங்க!” என்றார். பதினேழு பிள்ளைகள் குதித்தார்கள். பவானி மட்டும் குத்தவைத்துத் தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“ஆத்தா, அங்கன கீழ என்ன தேடுற? காயி மேல இருக்கு.”

“கீழதான் இருக்கும். எங்கம்மா குத்தவச்சுத்தான் எடுக்கும்.”

“கீழ வெளைய அது என்ன கெழங்கா? வெளையாட்டுன்னாலும் ஒரு நாயம் வேணாமா?”

பதினேழு பேரும் சிரித்தார்கள். பவானி இடுப்புப் பையைக் கழற்றி வைத்துவிட்டு வாசலோரம் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் ஜீப்பில் ஏறவில்லை. ஓட்டுவதற்குத் தட்டையே தருவதாகச் சொல்லியும் வரவில்லை. “நான் வரல. அது பொய்த் தோட்டம்” என்றாள்.

அந்தச் சொல் டீச்சரைச் சுட்டது. யார் எது சொன்னாலும் தட்டிவிட்டுப் போகிற மனுஷிக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்ன பிள்ளையை ஊர் சிரிக்க வைத்துவிட்டோமோ, இனி அது வாயைத் திறக்காமலே போய்விடுமோ என்று பயந்தார். சாயங்காலம் நிஜ ஜீப் வந்து நிற்கிற இடத்துக்கே போய், இறங்கிய உமாதேவியிடம் கேட்டார். பவானியின் அம்மா அவர்.

உமாதேவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “காயி மேல இருந்தா எங்களுக்கு எதுக்கு டீச்சர் முட்டி வலிக்கிது?”

ஐம்பத்து நாலு வருஷம் மலைக்குக் கீழேயே இருந்து, பாயசம் தவறாமல் ஏலக்காய் தட்டிப் போட்ட டீச்சர், அந்தச் செடியைப் பார்த்ததே இல்லை. காரணம் உண்டு. “மலை ஏறுனா எனக்குக் கொடலு வாய்க்கு வந்துரும்” என்பார். ஆனாலும் இரண்டாம் சனிக்கிழமை லீவில், கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு பெண்கள் மத்தியில் நெருக்கியடித்து ஏறிவிட்டார். எந்த வளைவில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. மூன்று இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. தோட்டத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன செடிகள். அண்ணாந்து பார்த்தார், வெறும் இலை. உமாதேவி அவர் தோளை அமுக்கிக் குத்தவைக்கச் செய்தார். தூரில், தரையோடு தரையாக ஓடிய சரத்தில் பச்சைப் பச்சையாகக் காய். “அடி ஆத்தி!” என்று அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தப்பு தன்னுடையது என்று தெரிந்ததில் ஒருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை உமாதேவி அதற்கு முன் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை, தோட்டத்துக் கங்காணியிடம் கேட்டு வாங்கி வந்த சரத்தைப் பாயில் வைத்தார்.

“ஏலே, கேளுங்க. அன்னைக்கு டீச்சர்தான் தப்பாச் சொன்னேன். பவானி சொன்னதுதான் நெசம். அவுக அம்மா குத்தவச்சுத்தான் காய் எடுக்குறாக, என் கண்ணால பாத்தேன்.”

பிள்ளைகள் முண்டியடித்து முகர்ந்தார்கள். பவானி வாசலோரத்திலிருந்து எழுந்து மெதுவாக வந்தாள். சரத்தைப் பார்த்தாள். டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள்.

“பையக் கெட்டாம எப்படிக் காய் எடுப்பீக?”

தன்னுடைய சத்துமாவுப் பையை எடுத்து வந்து டீச்சர் இடுப்பில் கட்டப் பார்த்தாள். கயிறு பாதி தூரம்கூடச் சுற்றி வரவில்லை. இழுத்துப் பார்த்தாள், வயிற்றை எக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பாயில் உட்காரச் சொல்லி, தானும் அவர் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, கையை எட்டின மட்டும் நீட்டிக் கயிற்றின் இரண்டு நுனிகளையும் இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “வண்டிய எடுறா” என்றாள் செல்வினிடம்.