துண்டு இறங்காத தோள்

நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் மகன் வீட்டில் இருந்தேன். காலையில் நெடுஞ்சாலை இரைச்சலுக்கு நடுவே போன் அடித்தது. பேசியது மீனாட்சி மதினி. "கோமதி, அண்ணாச்சி போயிட்டாங்கம்மா. காப்பி கேட்டாங்க. கொண்டுட்டு வந்து பாத்தா ஆளு இல்லை." அழுகைக்கு முன்னால் என் வாயில் வந்தது ஒரு கேள்விதான்: "மதினி, துண்டு தோளில இருக்கா?" மதினி "நீயே வந்து பாரு" என்று சொல்லி விம்மினார்.

பேராசிரியர் மாதேவன் பிள்ளையைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்விக்காக என்மேல் கோபப்படமாட்டார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்லூரியில் அவர் அரசியல் அறிவியல், நான் தமிழ். ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. அவர் நாஞ்சில் நாட்டுக்காரர், நான் திருநெல்வேலி. எல்லோருக்கும் அவர் சார். எனக்கு மட்டும் அண்ணாச்சி. அவர் பிரபுத்துவம் பற்றி வகுப்பு எடுக்கிறார் என்றால் மற்ற வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் வந்து நிற்கும். அடேயப்பா, என்ன குரல்! "ராஜா போயாச்சு மக்கா, நாற்காலி போகலை! அதுல இப்ப யாரு இருக்கான்னு பாரு, அவன் முன்னால யாரு வளையுதான்னும் பாரு!" ஒருமுறை மந்திரி ஒருவர் கல்லூரிக்கு வந்தபோது முதல்வர் முதுகு பாதி வளையக் குனிந்து நின்றார். மறுநாள் அதையே பாடமாக நடத்திவிட்டார் மனுஷர்.

என்னிடம் அவருக்கு ஓயாத சண்டை. நான் சரித்திர நாவல் பைத்தியம். "உங்க கதையில ராஜா வருவாரு, அமருவாரு. நாற்காலியை எவன் கொண்டு போட்டான்? எழுதுறவனும் சொல்லமாட்டான், படிக்கிற நீயும் கேக்கமாட்டே" என்பார். "அண்ணாச்சி, அதையெல்லாம் எழுதினா ராஜா எப்பத்தான் காதலிக்கிறது?" என்பேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். பெரிய மனுஷன் யார் என்பதற்கு அவர் வைத்திருந்த இலக்கணம் ஒன்றே ஒன்றுதான்: "பின்னால பாக்காம உட்காருறவன். நாற்காலி இருக்கும்னு அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை."

இப்படிப் பேசியவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. வித்துரா போகும் வழியில் கிழக்கேமாளிகை என்றொரு பிரபு வீடு. அண்ணாச்சியின் அப்பா அங்கே கணக்கெழுதியவர். படிப்புரை என்கிற முன்வாசலை மிதித்ததும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவது அங்கே வழக்கம். மகனையும் அப்படியே பழக்கினார். மாளிகை எப்போதோ கைமாறிப் போய்விட்டது. கடைசி வாரிசான கேசவன் கர்த்தா, அண்ணாச்சியின் வயதுக்காரர், ஒரு கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, நகரத்தில் வாடகை வீட்டில் இருந்தார்.

ஒருநாள் நாங்கள் சாலைக் கடைத்தெருவில் நிற்கிறோம். அண்ணாச்சி டீக்கடைக்காரரிடம் நிலச்சீர்திருத்தம் பற்றி முழங்கிக்கொண்டிருக்கிறார். மரச்சீனிக்கிழங்குப் பையோடு கர்த்தா வந்தார். பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தார்! கடைக்காரர் பாய்ந்து ஸ்டூலைப் போட்டதால் தப்பித்தார். அதையா நான் பார்த்தேன்? அண்ணாச்சியின் கையைப் பார்த்தேன். பேச்சு நிற்கவில்லை, ஆனால் கை மட்டும் தானாகப் போய்த் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டது.

கர்த்தா போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகம் சுண்டிவிட்டது. "பாத்தியா கோமதி! மூளை நம்ம பக்கம். கை இன்னும் மாளிகைப் பக்கம்." ஆறுதலாக இருக்கட்டும் என்று "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்லுவாங்கல்லா அண்ணாச்சி" என்றேன். வந்ததே கோபம்! "அந்தப் பழமொழியை உண்டாக்கினவனே ஒரு ஜமீன்தாராத்தான் இருப்பான். சாவறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் முன்னால தோளில துண்டோட நிப்பேன். பாத்துக்கோ." சொல்லிக்கொண்டே துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு, திருவிதாங்கூரின் பிரபு வீடுகளைப் பற்றி அவர் புத்தகம் எழுதினார். எங்கள் வாசகர் வட்டம்தான் வெளியீட்டு விழா நடத்தியது. எங்கள் ஊரில் எந்த விழா என்றாலும் விளக்கேற்ற ஒரு பழைய வீட்டுப் பெரியவரைக் கூப்பிடுவது பழக்கம். பிரபுத்துவத்தைக் கிழித்து எழுதிய புத்தகத்துக்கும் செயலாளர் அப்படியே செய்தார். கூப்பிட்டது யாரை? சாட்சாத் கேசவன் கர்த்தாவை!

விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். மனுஷர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மதினி அவர் தோளில் துண்டை வைத்துச் சட்டையோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொண்டிருந்தார். "இன்னைக்குக் கை போனாலும் துண்டு வராதுல்லா!" என்றார் அண்ணாச்சி. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

கர்த்தா மேடையேறினார். அவ்வளவுதான், அண்ணாச்சியின் கை போயிற்று. துண்டை இழுத்தது. ஊக்கு பிடித்துக்கொண்டது. சட்டை காதுவரை ஏறிவிட்டது. அவர் ஒரு கையால் இழுக்கிறார், இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்து அடக்குகிறார். முன்வரிசையில் நானும் மதினியும் மூச்சு விடவில்லை. கர்த்தாவோ விளக்கேற்றினார், எங்களைப் பார்த்துக் கும்பிட்டார், வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் உட்காரப் போனார். போட்டோக்காரர் நாற்காலியைத் தள்ளி வைத்திருந்தார்!

"டேய் கேசவா! பின்னால பாருடா!"

மண்டபமே அதிர்ந்தது. அண்ணாச்சி ஒரே பாய்ச்சலில் போய்க் கர்த்தாவின் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்திவிட்டார். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணாச்சியின் வாய் திறந்தபடியே இருந்தது. தான் சொன்னதை அவராலேயே நம்ப முடியவில்லை. துண்டு தோளில்! கர்த்தாவுக்கு நேரே!

கர்த்தா திரும்பி வெறும் தரையைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். "எண்டே மாதேவா, விழுந்திருந்தா இடுப்பு போயிருக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "மாளிகையில என்னை யாரும் டா போட்டு விளிச்சதே இல்லை, கேட்டியா. கூட விளையாட ஆள் இருந்தாத்தானே விளிக்க?" அண்ணாச்சி அவரை உட்காரவைத்து, இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுத் தானும் உட்கார்ந்தார். நான் எழுந்து நின்று கை தட்டினேன். தட்டினேன் என்ன, விசிலே அடித்திருப்பேன், அடிக்கத் தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு கிழவர்களையும் பிரிக்க முடியவில்லை. ஒருமுறை எங்களையும் கூட்டிக்கொண்டு கல்லாறுக்குப் போனார்கள். ஆற்றுப் பாறைமேல் உட்காருமுன் கர்த்தா திரும்பிப் பார்த்தார். "சபாஷ்டா!" என்று அண்ணாச்சி கூவினார். ஊக்குக் கதையை அன்றுதான் அவரிடம் சொன்னோம். சிரித்துச் சிரித்துக் கர்த்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அண்ணாச்சி திரும்பி வரும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "அன்னைக்கு ஊக்குல்லா ஜெயிச்சுது கோமதி. நான் ஜெயிச்சனான்னு இன்னும் தெரியலை."

மரண வீட்டுக்கு நான் போனபோது கர்த்தா அங்கே இருந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அண்ணாச்சியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். வேட்டி கட்டி, தோளில் வெள்ளைத் துண்டு போட்டு அண்ணாச்சியைக் கிடத்தியிருந்தார்கள். தூக்கும்போது துண்டு நழுவியது. எனக்குப் பதறிவிட்டது. அழுதுகொண்டே கைப்பையைத் துழாவி ஒரு ஊக்கை எடுத்தேன்.

அதற்குள் கர்த்தா எழுந்து, நழுவிய துண்டை எடுத்து, மடிப்புக் கலையாமல் அண்ணாச்சியின் தோளில் போட்டுவிட்டு, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"ஊக்கு வேண்டாம் டீச்சரே" என்றார். "இனி இது இறங்காது."

சுடுகாடு மட்டும் அந்தத் துண்டு தோளில்தான் போயிற்று. ஊக்கு என் கைப்பையில் இருக்கிறது. பெரிய மனுஷர்கள் யார் முன்னாலும் போய் நிற்கும்போது அதை ஒருமுறை தொட்டுக்கொள்கிறேன். முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.