இடது சக்கரத்து எலுமிச்சம்பழம்

நான்கு வருடங்களுக்கு முன், கும்பப்பூ நெல் நடவு நடந்துகொண்டிருந்த நேரம். எங்கள் ஊர் சுசீந்திரத்துக்குப் பக்கம். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு நான் ஊரோடு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்ததால், அவள் தும்மினால்கூட எனக்கு நெஞ்சு பதறும்.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. வளைவில் திருப்பினால் தொட்டில் மாதிரி ஆடும். நாகர்கோவிலுக்கு டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் பாதி வழியில் வாந்தி எடுத்துவிடுவாள். அந்த ஆட்டத்தை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்பதே எனக்கு ஒரே யோசனை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டைக் கழற்றிவிட்டு காயிலோவர் என்ற கெட்டி ஸ்பிரிங்கை மாட்டினால் வண்டி அசையாமல் நிற்கும், உயரத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்றான் ஒரு நண்பன். தன் காரிலிருந்து கழற்றிய ஒரு ஜோடியையும் கொடுத்தான். பொய் சொல்லக் கூடாது, வண்டி கொஞ்சம் தாழ்ந்து நின்றால் பார்க்கப் பந்தாவாக இருக்கும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

மெக்கானிக்கிடம் போகவில்லை. வெளிநாட்டில் பதினோரு வருடம் ஏ.சி. கழற்றி மாட்டியவனுக்கு இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். ஏ.சி. வேறு, கார் வேறு என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

வீட்டு முற்றத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி மூன்று நாள் வேலை பார்த்தேன். அவள் வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள். நண்பன் கொடுத்தது வேறு மாடல் வண்டிக்கு உள்ளது. சக்கரத்தோடு அதை இணைக்கும் போல்ட்டின் துளை ஒரு நூலளவு தள்ளி இருந்தது. அரத்தால் ராவி அகலப்படுத்தினேன். வலது பக்கம் சரியாக வந்தது. இடது பக்கம் கை அசந்து அதிகமாக ராவிவிட்டேன். ஒரு சின்னத் தகடு வைத்து நானே வெல்டிங் அடித்து, அதன் மேல் போல்ட்டை முறுக்கினேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. மனதுக்குள் மட்டும் ஏதோ உறுத்தியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலையில் ஸ்கேன். வண்டியில் பெரிய வேலை பார்த்தால் எலுமிச்சம்பழத்தில் ஏற்றி எடுப்பது எங்கள் வழக்கம். அவளே நான்கு சக்கரத்துக்கும் குங்குமம் வைத்துப் பழமும் வைத்தாள். வண்டியை நகர்த்தினேன். மூன்று பழம் நசுங்கியது. இடது முன்சக்கரத்துப் பழம் மட்டும் வழுக்கி ஓரமாக உருண்டு போனது.

“பழம் நசுங்கல்ல. இண்ணைக்கு இந்த வண்டி வேண்டாம், ரெண்டு பேரும் பஸ்ஸில போவோம்” என்றாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தரை சரிவு, அதனால் உருண்டது என்றேன். படித்தவள் பேசுகிற பேச்சா என்றும் கேட்டுவிட்டேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு நடந்தாள். டவுன் பஸ் வந்தது, ஏறிவிட்டாள். யாருக்காக மூன்று நாள் கிரீஸில் புரண்டோம் என்று பொருமிக்கொண்டே நான் காரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பஸ்ஸை முந்திப்போய் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியோடு நின்று காட்ட வேண்டும் என்பது என் திட்டம். ஆனால் பஸ் வளைந்து திரும்பும்போதெல்லாம் ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. முழுக்கப் பின்னால் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைத் தாண்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. பஸ் பின்னாலேயே ஊர்ந்தேன்.

இரண்டு பக்கமும் வயல். ஒரு வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியது, நானும் ஏறி இறங்கினேன். காலடியில் டமார் என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடது பக்கம் இழுத்தது. வண்டி சரிந்து, வாய்க்கால் விளிம்பில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. இறங்கிப் பார்த்தால் வெல்டிங் விட்டுப்போய், இடது முன்சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மெதுவாகப் போனதால் நெற்றியில் ஒரு சின்ன வீக்கத்தோடு தப்பித்தேன். அவளும் பக்கத்தில் இருந்திருந்தால், முந்தும் வேகத்தில் போயிருந்தால் என்ற நினைப்பில் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் நின்றிருந்தது. அவள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்து வந்தாள். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் நெற்றியைத் தடவினாள், இரண்டு கையையும் மடக்கி நீட்டிப் பார்த்தாள். நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் கரையேறி வந்து காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். கண்டக்டர் படியில் நின்று, “மக்கா, அந்தப் பிள்ளைய வெயில்ல நிறுத்தாத, ஏறு” என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும், “நீ சொன்னதுதான் சரி, அந்த எலுமிச்சம்பழம் அப்பவே காட்டித் தந்துட்டு” என்றேன்.

அவள் மெல்லச் சொன்னாள். “பழத்துக்கு என்ன தெரியும்? மத்த போல்டெல்லாம் நீங்க ஒரு தடவ முறுக்குனியோ. அந்த ஒண்ண மட்டும் நாலு தடவ வந்து வந்து முறுக்குனியோ. ஒங்களுக்கே அதுல நம்பிக்கை இல்லண்ணு தெரிஞ்சிது. நேரா சொன்னா கோவப்படுவியோ, அதான் பழத்தச் சொன்னேன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாகர்கோவில் வரும்வரை விடவில்லை. அன்றைக்கு ஸ்கேன் அறையில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டபோது நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று டாக்டர் நினைத்திருப்பார். பாதிதான் சந்தோஷம்.

பழைய ஸ்ட்ரட்டுகளை நல்லவேளையாக ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தேன். மெக்கானிக் வந்து அதையே திரும்ப மாட்டினார். வண்டி இப்போதும் தொட்டில் மாதிரிதான் ஆடுகிறது. எங்கள் மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, அந்த ஆட்டத்தில்தான் அவள் சுகமாகத் தூங்குகிறாள்.

நான் இப்போதும் எதையாவது கழற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு திருகாணியை இரண்டாம் தடவை முறுக்கக் கை போனால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், “இதுல எனக்குச் சந்தேகமா இருக்கு” என்று அவளிடம் சொல்லிவிடுகிறேன். அன்று உயிர் தப்பியதைவிட, என்னிடம் ஒரு உண்மையைச் சொல்ல என் மனைவிக்கு ஓர் எலுமிச்சம்பழத்தின் துணை தேவைப்பட்டதே, அதுதான் இன்றுவரை எனக்கு வலிக்கிறது.