லோர்னாவுக்குக் கைதட்டினோம்

கென்டக்கியில் எங்கள் போதை மீட்பு மையத்தில் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். மறுபடி போதையைத் தொட்டதாக ஒப்புக்கொள்கிறவருக்குக் கைதட்டுவது வழக்கம். கோழிக்கறி ஆலையில் வேலை பார்த்த லோர்னா அதை நம்பித்தான் வாயைத் திறந்தாள்.

"சனிக்கெழம ஒரு மாத்திர போட்டுட்டேன்."

தட்டினோம். முதல்முறையாக வந்து உட்கார்ந்திருந்த குழந்தைகள் நலத்துறை அம்மாளும் தட்டினாள். எங்கள் மையமும் அவள் துறையும் இனிமேல் கைகோத்து வேலை செய்யுமாம்.

சாயங்காலமே அந்த அம்மாள் லோர்னாவின் மகளைக் காரில் ஏற்றினாள்.

"உண்மையச் சொன்னா கொணமாகும்னு எல்லாரும் சொன்னீங்களே?"

"நீ கொணமாயிடுவ, கண்ணு. புள்ள வேற வீட்ல இருக்கட்டும்."

அதற்குப் பிறகு எங்கள் வட்டத்தில் எவரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. போதையே ஒழிந்தது என்று இரண்டு அலுவலகமும் விழா எடுத்தன. முதல் வெற்றி லோர்னாதான் என்று அவளையே கேக் வெட்ட வைத்தார்கள். அதற்கும் தட்டித் தொலைத்தோம்.