ஒரே சஹனில் மூன்று கைகள்

அம்மா சோற்றுப் பானையைச் சாய்த்து அடிவரைக்கும் சுரண்டுகிற சத்தம் கேட்டபோதுதான், விளக்கை அணைத்துவிட்டால் போதுமே என்று எனக்குத் தோன்றியது. எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று தோன்றினால் உடனே செய்து பார்த்துவிட வேண்டும். இன்றைக்கும் அந்தப் புத்தி போகவில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்த வாரம் அது. புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். சின்னசேலத்திலிருந்து எந்தப் பக்கமும் பஸ் இல்லை, கடையும் இல்லை. வியாபாரமாகச் சேலம் போன அத்தா அங்கேயே மாட்டிக்கொண்டார். காலேஜை மூடிவிட்டதால் வீட்டுக்கு வந்திருந்தார் அத்தாவின் தம்பி, என் சாச்சா. அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தெருவில் என் வயசுப் பிள்ளைகளையெல்லாம் மாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, இஸ்லாத்தின் ஆரம்பகாலச் சம்பவங்களைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னால் மதீனா ஏதோ நைனார்பாளையத்துக்கு அடுத்த ஊர் மாதிரி இருக்கும்.

முந்தைய நாள் அவர் சொன்னது இது. நபி (ஸல்) அவர்களிடம் பசியோடு ஒருவர் வருகிறார். மதீனாவாசி ஒருவர் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். வீட்டிலோ பிள்ளைகளுக்கான உணவு மட்டும்தான் இருக்கிறது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, விளக்கைச் சரிசெய்வதுபோல அணைத்துவிடுகிறார்கள். இருட்டில் கணவனும் மனைவியும் சாப்பிடுவதுபோல பாவனை செய்ய, விருந்தாளி வயிறார உண்கிறார். கேட்டதிலிருந்து எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. நம் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வரமாட்டாரா?

வந்துவிட்டார். ரயில்வே ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போயிருந்த சாச்சா, பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஓர் அம்மாளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“அண்ணி, இவங்க கரியாலூருக்கு மலையேறணுமாம். காத்தாலேர்ந்து ஸ்டேஷன்லயே குந்திக்கினு இருக்காங்க.”

“உள்ள வரச் சொல்லு. உங்க அண்ணனுக்கும் சேலத்துல யாரோ ஒரு வாய் போட்டுக்கினுதானே இருப்பாங்க” என்றார் அம்மா. சாச்சா மறுபடி ஸ்டேஷனுக்கு ஓடினார்.

இருந்ததோ ஓர் ஆள் சோறு. தம்பி முன்னமே சாப்பிட்டுத் தூங்கிவிட்டான். கதைக்கு எல்லாம் பொருந்திவிட்டது. அம்மா வாழை இலையை நறுக்குவதைப் பார்த்துப் பதறிப்போனேன். தனி இலை போட்டால் பாவனை எப்படி நடக்கும்? எங்கள் வீட்டில் பெரிய தட்டான சஹனில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அதில்தானே யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்பது இருட்டில் தெரியாது!

“சஹன்ல போடும்மா. நாம சும்மா கைய மட்டும் ஆட்டுவோம்” என்று காதில் சொன்னேன்.

“உங்க சாச்சா பாடமா இது? அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்டி.”

கூடத்திலிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது. “நீங்க எப்டி துன்றீங்களோ அப்டியே குடுங்கக்கா. எனக்கு ஒரு சங்கடமும் இல்ல.”

மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் எழுந்துபோய்ச் சுவிட்சைத் தட்டினேன்.

“ஐயய்யோ, கரண்டு போச்சு!”

இருட்டில் என் திறமை முழுவதையும் காட்டினேன். கையைச் சஹனுக்குக் கொண்டுபோவதும், வாய்க்குக் கொண்டுவருவதும், சப்புக்கொட்டுவதுமாக ஒரே அமர்க்களம். பக்கத்தில் அம்மாவின் வளையல் ஒழுங்காக ஏறி இறங்கியது. எதிர்ப்பக்கத்திலும் கை போய்வருகிற சத்தம் கேட்டது. அப்பாடா, அவர் சாப்பிடுகிறார். எனக்குப் பசியே தெரியவில்லை.

அப்போதுதானா சாச்சா திரும்பி வர வேண்டும்?

“இன்னா, பல்பு பீஸ் போச்சா?” என்று சுவிட்சைப் போட்டார்.

மூன்று கைகள் அந்தரத்தில் நின்றன. நடுவில் சோறு, அம்மா கொட்டிய குவியல் சரியாமல் அப்படியே இருந்தது. தான் சொன்ன கதைதான் நடக்கிறது என்பது சாச்சாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார், தோள் குலுங்கியது.

முதலில் வாய்விட்டுச் சிரித்தது அந்த அம்மாள்தான். “பக்கத்து வூட்ல லைட்டு எரியுது, இங்க மட்டும் கரண்டு போச்சாம்! பாப்பா வாய்ல சத்தந்தான் வருது, கைல ஒரு பருக்கை வரல. வெளயாட்டுப் புள்ளைய பட்டினி போட்டுட்டு நான் துன்னுவனா?”

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “இலைல போட்டுருந்தா நீயாச்சும் துன்னுருப்பம்மா. இவ பேச்சக் கேட்டேன் பாரு!”

பிறகு இரண்டு பேருமாக அடுப்படிக்குப் போனார்கள். அந்தச் சோற்றையே தண்ணீர் விட்டுக் குழைத்து, பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டுக் கஞ்சியாக்கினார்கள். சாச்சாவுக்கும் சேர்த்து எல்லோருக்கும் வந்தது. அவ்வளவு ருசியான கஞ்சியை நான் நோன்பிலும் குடித்ததில்லை. ஆனாலும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் குடித்தேன்.

“கதைல விருந்தாளி சாப்ட்டாருல்ல சாச்சா? இவங்க ஏன் சாப்புடல?”

“அவங்ககிட்டயே கேளேன்” என்றார். நான் கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மலைக்குப் போகிற சிலரோடு சேர்ந்து அந்த அம்மாள் நடந்தே புறப்பட்டுவிட்டார்.

கதையைக் கெடுத்துவிட்டாரே என்று அவர்மேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது. காலை முதல் ஒன்றும் உண்ணாத ஒருவர், கைக்கெட்டும் தூரத்தில் சோறு இருந்தும், முன்பின் தெரியாத பிள்ளைக்காகக் கையை வெறுமனே ஆட்டினார். மதீனாவின் அந்த வீட்டுக்காரர் செய்ததை அன்று எங்கள் வீட்டில் செய்தது நாங்கள் மட்டுமல்ல என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. கொடுக்கிற பக்கம் எப்போதும் நம்முடையது என்று நினைத்திருந்தேன். அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. தொழுதுவிட்டுக் கேட்கிற ஒவ்வொரு துஆவிலும் இப்போது சொல்கிறேன்.

சாச்சா வேலைக்குப் போய்விட்டதால் தெருப் பிள்ளைகள் இப்போது கதை கேட்க என்னிடம் வருகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அந்த மதீனா வீட்டுச் சம்பவத்தைச் சொல்லாமல், சஹனில் சோறு வைத்து நடத்திப் பார்க்கப்போகிறேன். வீட்டுக்காரராக இருக்க எல்லோரும் கை தூக்குவார்கள். அவர்களில் மிகவும் துடுக்கான ஒருத்தியை விருந்தாளியாக உட்காரவைத்துவிட்டு, நான் சுவிட்சுப் பக்கம் போய் நின்றுகொள்வேன்.