குற்றாலத்தில் பல்லி கத்திய கம்ப்யூட்டர்

செல்லையா அண்ணாச்சி சொல்வது பொய். போன வாரம் தென்காசியில் ஒரு வீட்டு விசேஷத்தில், பந்தியில் என் எதிரே உட்கார்ந்துகொண்டு, நான் நோண்டித்தான் அவருடைய கம்ப்யூட்டர் செத்தது என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். இலையில் பாயசம் இருந்ததால் முதலில் அதைக் கவனித்தேன். அங்கே போட்டிருந்த சாம்பிராணி வாசனை வேறு, பழசையெல்லாம் கிளறிவிட்டது. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் அண்ணாச்சி கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்டார். தென்காசியில் வேலையில்லாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்த நான் அதற்கு ஆபரேட்டர். குளித்தவர்கள் தலைகூடத் துவட்டாமல் வந்து நிற்பார்கள். எண்ணெய், சீயக்காய், ஈரத்துண்டு வாடையோடு பிரிண்டர் ரிப்பன் வாடையும் கலந்திருக்கும். எனக்கு அதுதான் சம்பள வாசனை. பிறந்த நேரம் சொன்னால் கட்டம் அச்சாகி வரும். இரண்டு பேர் விவரம் சொன்னால் பத்துப் பொருத்தமும் வரும்.

ஒரு சாரல் சீசனில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு நிமிடத்தில் வரும் கட்டம் கால் மணி நேரம் எடுத்தது. நான் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். அண்ணாச்சிக்கோ பரம சந்தோஷம். பொருத்தம் பார்க்க வந்த பெண் வீட்டார் முன்னால் விரலால் மேஜையைத் தட்டி, "பாத்தியளா, பல்லி சொல்லுது. நல்ல சகுனம்" என்றார்.

அவர்கள் போனதும் சொன்னேன். "அண்ணாச்சி, அது பல்லி இல்ல. ஹார்டு டிஸ்க்கு. சாவப் போவுது."

"வெள்ளிக்கெழம அதுவுமா நல்ல வாக்கு சொல்லுலே."

டிஸ்க் செத்தால் மறுபடி ஏற்றுவதற்காக, புரோகிராம் வந்த பிளாப்பியைக் கேட்டேன். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார். கடை திறந்த அன்று பூஜையில் மேஜை, நாற்காலி, ஸ்டெபிலைசர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், பிளாப்பியையும் விடவில்லை. உறைக்கு வைத்திருந்தால் பரவாயில்லை. தகடு தெரியும் திறப்பில், சரியாக நடுவில் அப்பியிருந்தார். காய்ந்து பொருக்காக ஒட்டிக்கிடந்தது; இனி அதைப் படிக்க முடியாது. புரோகிராம் விற்ற ஆளோ வெளிநாடு போய்விட்டான். டிஸ்க் போனால் கடை போச்சு. என் வேலையும் போச்சு.

திருஷ்டி கழித்து, ஒருதரம் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று அண்ணாச்சி சாம்பிராணித் தட்டோடு சுவிட்சை நோக்கி வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"அணைச்சா இனிமே எந்திரிக்காது. தொட்டீங்கன்னா கைய முறிச்சிருவேன்."

முதலாளியிடம் பேசும் பேச்சா அது? ஆனால் மனிதர் அடங்கிவிட்டார். தென்காசிக்குப் போய்ப் புது பிளாப்பிகள் வாங்கிவந்தவரும் அவர்தான். வெளியே சாரல், கரண்ட் போனால் கதை முடிந்தது. ஒவ்வொரு கோப்பாக நகல் எடுத்தேன். படிக்க முடியவில்லை என்று திரை சொல்லச் சொல்ல, மறுபடி பார் என்று தட்டிக்கொண்டே இருந்தேன். ஜாதகக் கட்டம் முழுசாக வந்துவிட்டது. பொருத்தம் பார்க்கும் பகுதியில் பாதி வரும்போது பெட்டி ஒருமுறை கிரீச்சிட்டு அமைதியானது.

மதுரையிலிருந்து புது டிஸ்க் வந்தது. கடை பிழைத்தது, நானும் பிழைத்தேன். பொருத்தம் மட்டும் இல்லை. அதற்காக அண்ணாச்சி வந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடித் திறந்து, சிவப்பு மையில் பத்துக்கு 'எட்டு' என்று எழுதிக் கொடுத்தார். யார் வந்தாலும் எட்டுதான்.

கீழப்பாவூரிலிருந்து ஒருவர் மகள் ஜாதகத்தோடு வந்தார். மாப்பிள்ளை நான். எங்களுக்கும் எட்டு எழுதினார். அவளோடு சண்டை போடாத நாள் குறைவு, ஆனால் அவள் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் சிப்ஸ் பொரிக்கிறார்கள். ஜாதகம் ஆளாளுக்குக் கைபோனிலேயே வந்துவிடுகிறது. அண்ணாச்சி, அடுத்த மாதம் என் மகள் கல்யாணம். சாப்பிட்டுவிட்டு நழுவக் கூடாது. மேடைக்கு வந்து, மைக்கைப் பிடித்து, என் மனைவி கேட்கச் சொல்லுங்கள்: எங்களுக்குப் போட்ட எட்டு, பார்த்துப் போட்டதா, சும்மா போட்டதா?