ஷிப்லி காக்கா தின்னாத வட்டிலப்பம்

சாய்ந்தமருதில் கலியாணமென்றால் பந்தல்காரனுக்கு முன்னால் ஷிப்லி காக்காவிடம்தான் நாள் கேட்பார்கள். அவருடைய புரியாணிக்காகவும் வட்டிலப்ப இனிப்புக்காகவுமே மாப்பிள்ளையைப் பொறுத்துக்கொண்ட சம்பந்திகளை நான் அறிவேன். உப்புப் பார்க்க நாக்கு நுனியில் கொஞ்சம் வைப்பார், உடனே துப்பிவிடுவார். நாற்பத்தொரு வயதில் சீனி வருத்தம் பிடித்த பிறகு அந்தத் துப்பலை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரன், கண்ணால் கண்டவன். நானும் நம்பவில்லை.

எனக்கு அவர்மேல் சொந்தக் கோபமும் இருந்தது. ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வந்தவர், பள்ளிவாசல் படியில் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ட செருப்ப மாத்திப் போட்டுட்டு என்னத்தடா முழிக்கிறாய், முபாறக்?"

பள்ளியில் செருப்பு மாறுவது புதினமல்ல. ஆனால் அவருக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை மாறியது. எட்டாம் நம்பர் செருப்புக்குள் கால் போகவில்லை என்றால் அது வேறொருவன் செருப்பு என்பதுதான் அவர் கணக்கு. கால் வளர்ந்திருக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. நாற்பது வயதுக்கு மேல் எவனுக்குக் கால் வளரும்?

கையும் வளர்ந்தது. எங்கள் விருந்தில் ஒரு சஹனைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் கைவைத்துத் தின்போம். அவர் ஒரு பிடி எடுத்தால் சோற்றில் குழி விழுந்தது. "காக்கா, அந்த அகப்பையக் கீழ வைங்க" என்றேன். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் எந்தச் சஹனிலும் உட்காரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் இன்னும் மோசம். மனைவி ஸம்றா நல்லவள். புருஷனை இழந்துவிடுவேனோ என்ற பயம் அவளைப் பொலிஸ்காரியாக்கிவிட்டது. அலுமாரிக்குப் பூட்டுப் போட்டாள். அவர் சமையலுக்குப் போய்வந்தால் வாசலிலேயே நிறுத்தி வாயை முகர்ந்து பார்த்தாள். குரக்கன் ரொட்டியும் பாகற்காயும் தின்று, நேரந்தவறாமல் இன்சுலின் குத்திக்கொண்டு கிளினிக்குக்குப் போனால், அங்கே சீனி முன்னூறு. தாதி அதட்டுவாள், மருந்து கூடும், ஸம்றா அழுவாள்.

"வல்லாஹி, நான் ஒண்டும் திங்கல்ல புள்ள."

"அல்லாட பேரச் சொல்லிப் பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க."

நாலாவது வருடம் நோன்பு பிடிக்கக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். ஊரே பசித்திருந்த பகலில் அவர் குசினி மூலையில் ஒளிந்து கஞ்சி குடித்தார். ஸம்றா வந்து நின்றாள். அவருடைய வாயையே பார்த்தாள். மனிதர் அந்த இடத்திலேயே உடைந்துபோனார்.

"ஓம் புள்ள, களவாத்தான் திண்டன். வட்டிலப்பம். ஒவ்வொரு கலியாண வீட்டிலயும் திண்டன். என்ன மாப்புச் செய்."

ஸம்றா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை இல்லை.

அந்த நிம்மதிதான் அவரைப் பூட்டிப்போட்டது. அடுத்த கிளினிக்கில் ஸம்றா அதை அப்படியே சொல்ல, அவருடைய மருத்துவக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள்: களவாக இனிப்புத் தின்பவர். அதற்குப் பிறகு தலையிடி என்றார், வியர்த்துக் கொட்டுகிறது என்றார், பல்லெல்லாம் விலகுகிறது என்றார். கொப்பியைப் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை. தான் ஒத்துக்கொண்டது பொய் என்று சொல்லவும் அவருக்கு வழியில்லை. சொன்னாலும் பொய்யன், சொல்லாவிட்டாலும் பொய்யன். இப்படி இன்னும் இரண்டு வருடம் போனது.

மாற்றலாகி வந்த டொக்டர் யதுசா நாடி பார்க்கப் பிடித்த கையை விடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடையாள அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் ஒத்துப்பார்த்தார். இரத்தம் சோதித்து, தலையை ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். முடிவு கேட்கப் போன அன்று என் ஆட்டோவில்தான் இருவரும் வந்தார்கள். நானும் உள்ளே போனேன்.

"மூளைக்கு அடியில கபச்சுரப்பி எண்டு ஒண்டு இருக்கு. அதில கடலை அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய் இல்ல, பயப்பட வேணாம். அது வளர்ச்சி ஓமோனக் கொட்டிக்கொண்டே இருக்கு. அதாலதான் கை, கால், தாடை எல்லாம் பெருத்தது. அந்த ஓமோன் கூடினா உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாது. சதையியில இன்சுலின் செய்யிற கலங்கள் ரெண்டு மடங்கு, மூண்டு மடங்கு வேலை செய்யும். கடைசியில களைச்சுப் போகும். நீங்க என்னதான் பத்தியம் இருந்தாலும் சீனி ஏறியிருக்கும்."

"களைச்ச கலம் தேறுமா டொக்டர்?" என்று ஸம்றா கேட்டாள்.

"கொழும்பில மூக்கு வழியாக் கட்டிய எடுக்கலாம். எடுத்தா சீனி குறையும். ஆனா ஆறு வருஷம் பிந்திட்டு. எவ்வளவு தேறுமெண்டு சொல்லேலா. பெருத்த எலும்பு இனிக் குறையாது."

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தோம். ஸம்றா அவருடைய பெரிய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"திங்காமலே ஏன் திண்டன் எண்டு சொன்னீங்க?"

அவர் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை.

"நாலு வருஷமா உண்மையச் சொன்னன் புள்ள, நீ நம்பல்ல. பொய்ய ஒருக்காத்தான் சொன்னன்."